வராத கடிதத்துக்கு எழுதிய புகார்கள்

1

என் மகள் கலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். உலகப் படத்தில் ஐந்து ஊர்களைக் குறித்து, இங்கிருந்து அந்தந்த ஊருக்கு ஒரு கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று பக்கத்தில் கட்டம் போட்டு எழுத வேண்டுமாம். லண்டன், நைரோபி, பம்பாய், சிங்கப்பூர் என்று நான்கு கட்டங்களை யார் யாரையோ கேட்டு நிரப்பிவிட்டாள். ஐந்தாவதற்கு என்னிடம் வந்தாள்.

"அப்பா, உங்க வில்லேஜுக்கு எத்தனை டேஸ்?"

'உங்க வில்லேஜ்' என்றுதான் கேட்டாள். 'நம்ம ஊர்' என்று சொல்ல அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தர வேண்டியவன் நான்தான் என்பதால் அதைப் பெரிதுபடுத்தாமல் பதில் சொன்னேன்.

"பத்தொன்பதிலிருந்து நாற்பத்தஞ்சு வரைக்கும்."

"ஒரு நம்பர் சொல்லுங்கப்பா. கட்டம் சின்னது."

பதினாறு வருஷமாக ஜாம்பியாவில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். செம்புச் சுரங்கத்து ஊர். சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குச் சராசரி எடுப்பது எப்படி என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். என் சொந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு எண்ணைச் சொல்ல முடியவில்லை. என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி நைனா, இறந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம். அந்த நினைப்பில் இருந்தவனிடம் வந்து தபாலைப் பற்றிக் கேட்டால் எண் எங்கே வாயில் வரும்?

தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். உங்களுக்குக் கடிதம் வீட்டு வாசலில் வந்து விழுகிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

2

இங்கே வீட்டுக்குத் தபால் வராது. தபாலாபீஸ் சுவரில் தேன்கூட்டு அறைகள் போலச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் பதித்திருப்பார்கள். ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு சாவி. நம் கடிதத்தை நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். காலை இடைவேளையில் பிள்ளைகள் பந்து விளையாடப் போனதும் நான் சாவியோடு தபாலாபீசுக்குப் போவேன். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். "வாத்தியார் தன் கோயிலுக்குப் போகிறார்" என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பெட்டியைத் திறக்கும் முன்பு நான் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வது உண்டு.

வேறு பள்ளிக்கு மாற்றினால் ஊர் மாறும், பெட்டி எண்ணும் மாறும். பழைய எண்ணுக்கு வந்த கடிதம் அங்கேயே கிடக்கும். புது எண் தெரிந்த யாராவது பார்த்து அனுப்பினால்தான் உண்டு.

இந்த ஊருக்கு வந்த புதிதில் கவுண்ட்டரில் இருந்த அம்மாள் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வட ஆற்காடு மாவட்டத்தின் 'நார்த் ஆர்க்காட்' என்ற ஆங்கிலப் பெயரை ஆர்க்டிக் என்று படித்து, "இது பனிக்கட்டி இருக்கும் இடமா?" என்று நிஜமாகவே கேட்டாள். "இல்லை அம்மா, வெயில் இருக்கும் இடம். மலைமேல் கொஞ்சம் குளிரும்" என்றேன். என் ஆங்கிலமும் அவளுடைய ஆங்கிலமும் பாதி வழியில்தான் சந்தித்துக்கொள்ளும். அன்றிலிருந்து 'இந்தியா' என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் விமானம் தாமதம். எல்லையில் ஏதாவது தகராறு என்றால் பைகள் சுற்று வழியில் போகும். ஆனாலும் இந்த ஊரிலிருந்து நைரோபி, நைரோபியிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து சென்னை என்று கடிதம் ஒன்பது பத்து நாளில் போய்விடும். நான் அனுப்பிய நீல விமானத் தபால் காகிதங்கள் கடலை எல்லாம் ஒழுங்காகத் தாண்டியிருக்கின்றன.

3

கடலைத் தாண்டியவனுக்கு வாய்க்கால் எம்மாத்திரம் என்பார்கள். எங்கள் கடிதங்களுக்கு வாய்க்கால்தான் பெரிய பாடு.

சென்னையிலிருந்து காட்பாடி, அங்கிருந்து போளூர், போளூரிலிருந்து மலை பஸ்ஸில் ஜமுனாமரத்தூர். மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் ஏறாது, பையும் ஏறாது. ஏறி வந்துவிட்டாலும் எங்கள் ஊர் இன்னும் ஒன்பது மைல். இடையில் இரண்டு ஓடைகள். ஒரு கடிதத்துக்காக ஒன்பது மைல் போய்த் திரும்பத் தபால்காரரும் மனுஷன்தானே. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வாரச் சந்தை அன்று அவர் சாக்கை விரித்துச் சந்தையிலேயே உட்கார்ந்துகொள்வார். ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தந்த ஊரிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள் தங்கள் ஊர்க் கடிதங்களை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். சாமை மூட்டையோடு வந்து, உப்போடும் கருவாட்டோடும் கடிதத்தோடும் திரும்புவார்கள்.

எங்கள் ஊரிலிருந்து அந்த வாரம் யாரும் சந்தைக்கு வரவில்லை என்றால் கடிதம் அடுத்த சந்தைக்குத்தான். சாமை விதைப்பு என்றால் வரமாட்டார்கள். புளி உலுக்குகிறார்கள் என்றால் வரமாட்டார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஒரு சந்தை போச்சு. ஆப்பிரிக்காவிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பதினைந்து நாளில் வந்த கடிதம் அங்கிருந்து எங்கள் வீட்டுக்குப் போக இருபத்திரண்டு நாள் எடுத்ததும் உண்டு. இதை இங்கே உடன் வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். நான் கதை விடுகிறேன் என்றார்கள்.

வரும் கடிதத்துக்கு இப்படி என்றால் புறப்படும் கடிதத்துக்கு நைனா ஒருவரே போதும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் எழுத்துத் தெரிந்தது என் தங்கை ருக்கு ஒருத்திக்குத்தான். மலைமேல் இருந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். நைனா சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். எழுதி ஒட்டிய கடிதம் உடனே புறப்படாது. "செவ்வா வெறுவா, இன்னிக்கு வாணாம்" என்பார். அஷ்டமி ஆகாது, நவமி ஆகாது. புறப்படும்போது எதிரில் வெறுங்குடம் வந்தால் திரும்பி வந்துவிடுவார். அதற்குள் சந்தை கலைந்துவிடும். கடிதத்தின் மேலே ருக்கு போட்ட தேதிக்கும் தபால் முத்திரையின் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று நான் எப்போதும் எண்ணிப் பார்ப்பேன். அந்த இடைவெளியைப் பார்த்தால் ஊரில் என்ன திதி ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

4

தந்தி கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தவன்தான்.

மூத்தவன் மோகன் பிறந்தபோது ஆசையோடு ஒரு தந்தி கொடுத்தேன். போளூர் வரை மின்னலாகப் போன தந்தி அங்கிருந்து கடிதத்தோடு கடிதமாகப் பஸ் ஏறிச் சந்தைக்கு வந்தது. "உனக்குத் தந்தி" என்று தபால்காரர் நைனாவைக் கூப்பிட்டதும் கூட இருந்தவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு அவரைத் தாங்கிப் பிடித்தபடி ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவு. வேறு எதற்கும் யாரும் தந்தி கொடுத்ததில்லை. ஓடையைத் தாண்டும் முன்பே செய்தி ஊருக்குப் போய்விட்டது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். பெண்கள் கூடி ஒப்பாரி வைத்துவிட்டார்கள். காட்டிலிருந்து ருக்கு வந்து, போளூர் ஆபீசில் தமிழில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்ன பிறகுதான் பேரன் பிறந்திருக்கிறான் என்று தெரிந்தது. அம்மா எழுந்து நடமாட நாலு நாள் ஆனதாம்.

அடுத்த கடிதத்தில் நைனாவின் உத்தரவு வந்தது. ருக்கு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள்: "இனிமே சாவுன்னாத்தான் தந்தி குடுக்கணும். புள்ள பொறந்துச்சுன்னா கடுதாசி போதும். உங்கம்மாள உசுரோட பாக்கணும்னா மறுபடி இந்த வேல செய்யாத."

5

எழுபதுகளின் நடுவில் ஒரு வைகாசிக் கடைசியில் நைனாவின் கடிதம் வந்தது. பக்கத்து மேலூரிலிருந்து ருக்குவைப் பெண் கேட்கிறார்கள். பையன் லாரி ஓட்டுகிறான். நல்ல உடம்பு, நல்ல பேச்சு. "உன் வார்த்தைக்குத்தான் காத்துகினு கீறோம். நீ சரின்னா சரி, வாணான்னா வாணாம்." அதையும் ருக்குதான் எழுதியிருந்தாள், தன் கையால், தன் கல்யாணத்தை. அந்த வரிகளில் மட்டும் எழுத்து கடுகாகச் சிறுத்துப்போயிருந்தது. அவளுக்கு இஷ்டமா என்று நான் கேட்டு எழுதியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை. பெரிய அண்ணனாக என்னைக் கேட்கிறார்களே என்ற பெருமைதான் வந்தது.

அன்றே சம்மதம் எழுதினேன். என் மனைவி சரோஜா அப்போது கலாவை வயிற்றில் சுமந்துகொண்டு ஏழு மாசம். மஞ்சள் தூளைக் குழைத்து வந்து நீலக் காகிதத்தின் நாலு மூலையிலும் அவள்தான் வைத்தாள். நல்ல காரியத்துக்குப் போகும் கடிதம் மஞ்சள் இல்லாமல் போகக் கூடாது. அது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. மலையடிவாரத்துச் சந்தவாசலில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஏழுமலை எழுதியது. என்னோடு விடுதியில் தங்கிப் படித்தவன். நான் பள்ளி மாறியதை அவனுக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். பழைய பெட்டி எண்ணுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வர நாற்பது நாள் ஆகியிருந்தது. அவன் எழுதியிருந்தான்: "உங்க வூட்ல பேசற மாப்பிள்ளைக்கு இங்க சந்தவாசல்லயே ஒரு குடும்பம் கீது. பொண்டாட்டியும் மூணு வயசுப் பொண்ணும். லாரி வந்தா எங்கடைக்கு எதுருலதான் நிக்கும், என் கண்ணால பாக்கறேன். கல்யாணத்தக் கெடுத்தவன்ற பேரு எனக்கு வாணாம். நைனாவுக்கு நீ எழுதிடு."

கடிதத்தைத் தபாலாபீசில் நின்றபடியே படித்தேன். தந்திச் சன்னலுக்குப் போய்ப் படிவம் வாங்கி, 'கல்யாணத்தை நிறுத்து' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதும் அம்மா கீழே விழுந்து கிடப்பது கண்முன் வந்தது. படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு கணக்குப் போட்டேன். அதுதானே என் தொழில். என் சம்மதம் போய்ச் சேர இருபது நாள். அதற்குப் பிறகு நாள் பார்ப்பார்கள். நாள் பார்ப்பதில் நைனாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஆனி ஓடிவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணிதான். கடிதமே போதும், நிறைய நாள் இருக்கிறது. அங்கேயே ஒரு நீலக் காகிதம் வாங்கி, கவுண்ட்டரில் வைத்தே எழுதினேன். 'ருக்குவை அவனுக்குக் கொடுக்க வேண்டாம், அவனுக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கிறது' என்று முதல் வரியிலேயே எழுதி, ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

இருபத்தெட்டு நாள், முப்பது நாள், நாற்பது நாள். காலையில் பெட்டி, மாலையிலும் ஒரு முறை பெட்டி. சரோஜா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் போனேன். கலா பிறந்த ஐந்தாம் நாள் ருக்குவின் எழுத்தில் கடிதம் வந்தது. மூலைகளில் மஞ்சள்.

"அண்ணா, உன் ஆசீர்வாதத்தால் ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நைனா மிகவும் சந்தோஷம். நீ கவலைப்படாதே."

என் இரண்டாவது கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது போய்ச் சேரவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

6

அதன் பிறகு நான் புகார்க்காரன் ஆனேன். இங்கே கவுண்ட்டரில் படிவம் வாங்கி நிரப்பினேன். "பதிவுத் தபாலா?" என்றாள் அதே அம்மாள். "இல்லை." "பதியாத கடிதத்தை எங்கே போய்த் தேடுவது, வாத்தியாரே?" என்றாள். பாவம், அவள் கேட்டதில் தப்பில்லை. இருந்தாலும் மூன்று படிவம் எழுதினேன். இந்தியாவுக்கும் எழுதினேன். தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. கவனிக்கப்படும் என்ற கடிதங்கள் மட்டும் ஒன்றுகூடத் தொலையாமல் வந்து சேர்ந்தன. விமானத்தைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், மலை பஸ்ஸைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை அளந்து, கோணத்தோடு புகார் எழுதி அனுப்பினேன்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு முதல் விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனபோது ருக்கு நைனாவின் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். மாப்பிள்ளை இரண்டு வருஷம் இங்கும் அங்குமாக இருந்துவிட்டுச் சந்தவாசலிலேயே தங்கிவிட்டான். பிள்ளையும் தங்கவில்லை. "எல்லாம் தெரியாத்தனமா செஞ்சிட்டோம்டா" என்று நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு முன்பே தெரியும், எழுதினேன், கடிதம்தான் தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லி யாருக்கு என்ன லாபம்? நான் நல்லவன் என்று எனக்கே ஒரு சான்றிதழ் கொடுத்துக்கொள்வதுதானே அது. அம்மா போனபோதும் சொல்லவில்லை. விடுமுறைக்கு விடுமுறை வாயை மூடிக்கொண்டு போய் வந்தேன்.

இங்கே மோகன் விடுதிப் பள்ளியிலிருந்து மாசம் ஒரு கடிதம் எழுதுகிறான், ஆங்கிலத்தில், நாலே வரி. முந்நூறு மைலைத் தாண்டி வர மூன்று நாள்தான் ஆகிறது. அதில் படிக்க ஒன்றும் இருப்பதில்லை. திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

7

போன வருஷம் தந்தி வந்தது. நைனா சொன்ன சட்டப்படி அது நியாயமான தந்திதான். விடுப்புக் கேட்டு, மூன்று மேசைகளில் கையெழுத்து வாங்கி, டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது காரியம் எல்லாம் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. வீட்டில் ருக்கு மட்டும் இருந்தாள்.

புளிக்காலம். அவள் முற்றத்தில் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி யாருக்காக மறைப்பது என்று தோன்றியது.

"ருக்கு, உன் கல்யாணத்த நிறுத்தச் சொல்லி நான் ஒரு கடுதாசி எழுதினேன். தபால்ல தொலஞ்சி போச்சி."

அவள் தலையைத் தூக்கவில்லை. புளியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"தொலையலண்ணா. கல்யாணத்துக்கு ஏழு நாளு முந்தியே வந்திச்சி."

பத்தொன்பது நாள். நான் எழுதிய கடிதங்களிலேயே சீக்கிரம் போய்ச் சேர்ந்தது அதுதான்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நைனா கல்யாணச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறார். வீட்டில் அதற்கு முன்பே பந்தக்கால் நட்டாயிற்று. தபால்காரர் என் கடிதத்தைக் கொடுக்கிறார். சம்மதக் கடிதம் போன சந்தையில்தான் வந்திருக்கிறது.

"நீ மாசம் ஒரு கடுதாசிதான் போடுவ. அடுத்த சந்தைக்கே இன்னொண்ணு இன்னாத்துக்கு வருதுன்னு நைனாவுக்குத் திக்குனு ஆயிடுச்சி. திருப்பித் திருப்பிப் பாத்தாராம், மூலையில மஞ்ச இல்ல. அண்ணி வேற மாசமா கீறாங்க. தந்தி குடுத்தா அம்மா தாங்கமாட்டாங்கன்னு நீ கடுதாசியா போட்டுட்டன்னு நெனச்சி, அண்ணிதான் போய்ட்டாங்கன்னு முடிவு கட்டிட்டாரு."

"பிரிச்சிப் பாத்திருக்கலாமே!"

"பந்தக்கால் நட்ட வூட்ல சாவுக் கடுதாசியப் பிரிப்பாங்களா? பிரிச்சா தீட்டு, கல்யாணம் நின்னு போவும். படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்தி. கையில காப்பு கட்டிகினு கீறவகிட்ட நீட்டுவாரா? வெளியாளுகிட்ட குடுத்தா ஊருக்கே தெரிஞ்சிபோவும். அம்மாகிட்டகூடச் சொல்லல. மாட்டுக்கொட்டாய் கூரையில சொருகி வெச்சிட்டு, பதினோரு நாளு மனசுல வெச்சிகினு இருந்தாரு. என் கல்யாணத்துல அவரு சிரிச்சிகினு பரிமாறினத நீ பாக்கல."

எனக்குப் புளி கையில் ஒட்டிக்கொண்டது. தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"மறுவூட்டுக்கு வந்தப்ப என்னக் கொட்டாய்க்கு இட்டுகினு போயி எடுத்துக் குடுத்தாரு. 'படிம்மா. யாரு போய்ட்டாங்கன்னு மட்டும் சொல்லு'ன்னாரு. நின்னுகினு இருந்தவரு கழியப் புடிச்சிகினு ஒக்காந்துட்டாரு. நான் பிரிச்சேன். மொத வரியிலயே நீ எழுதிகினு கீற."

"நீ இன்னா சொன்ன?"

"'யாரும் போவல நைனா. அண்ணி நல்லா கீறாங்களாம், எல்லாரும் சொகமாம்'னு படிச்சேன். ஓன்னு அழுதுட்டாரு, சந்தோசத்துல. அழுதுட்டு எழுந்து போயி மாப்பிள்ளைக்குக் கோழி அடிக்கச் சொன்னாரு. வெச்சிருந்தது பெரிய கோழி. அதயே அடிக்கச் சொன்னாரு."

அந்தக் கடிதத்தை அன்றே அடுப்பில் போட்டுவிட்டாளாம். நைனா சாகும் வரை அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு சிரிப்போடு பரிமாறிய மனுஷனிடம் போய், நீங்கள் கூரையில் செருகி வைத்தது என் வாழ்க்கையை என்று எப்படிப் படித்துக் காட்டுவது என்று ருக்கு கேட்டாள். அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம். அவள் மேலா, நைனா மேலா, நாலு மூலையில் மஞ்சளைத் தொட மறந்த என் மேலா, தெரியவில்லை. கவுண்ட்டரில் நின்று எழுதுகிறவன் பையில் மஞ்சளா வைத்திருப்பான்?

"நைனாகிட்டச் சொல்லாட்டிப் போவுது ருக்கு. நீ அன்னிக்கே, 'நான் அங்க போவமாட்டேன்'னு இங்கயே நின்னுருக்கலாமே. கல்யாணம் ஆயி நாலு நாள்தானே ஆயிருந்திச்சி?"

அவள் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு முதல் முறையாக என்னைப் பார்த்தாள்.

"நாலு நாளு ஆயிப்போச்சேண்ணா" என்றாள்.